ஷெப்பர்டா, ஹஸ்கியா? வீட்டுக்கு ஏற்ற நாயைத் தேர்ந்தெடுப்போம்

"நாய் நன்றியுள்ள பிராணி." தமிழ்ப்பள்ளியில் படித்தவர்களில் இந்த வரியை எழுதாமல் ஆறாம் ஆண்டைக் கடந்தவர் யாரும் இருக்க முடியாது. 'எங்கள் வீட்டு நாய்' என்று ஆசிரியர் தலைப்புக் கொடுத்தால், வீட்டில் நாயே இல்லாதவரும் பத்து வரி எழுதிவிடுவார். அதற்கு நான்கு கால்கள் உண்டு. அது வீட்டைக் காக்கும். நம்மைக் கண்டால் வாலாட்டும். நாய் நமக்குக் காட்டும் நன்றியைப் பற்றி இவ்வளவு எழுதினோம். நாம் நாய்க்குச் செய்ய வேண்டியது என்ன என்று மட்டும் யாரும் நமக்குத் தலைப்புக் கொடுக்கவில்லை. அந்தத் தலைப்பில் காலம் கடந்து எழுதும் கட்டுரை இது.

முதலில் என் தவற்றைச் சொல்லிவிடுகிறேன். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தபோது, பருவ விடுமுறையில் கிள்ளானில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் குட்டியை வாங்கி வந்தேன். பகுதி நேர வேலை பார்த்துச் சேர்த்த பணம். எங்கள் தாமானில் இரண்டு வீடுகளில் திருட்டு நடந்திருந்த நேரம் அது. "காவலுக்கு ஆகும்" என்று அப்பாவும் ஒப்புக்கொண்டார். வீரா என்று பெயர் வைத்தோம். மூன்று வாரம் அவனோடு விளையாடிவிட்டு நான் விடுதிக்குத் திரும்பிவிட்டேன்.

ஓராண்டில் வீரா 34 கிலோ ஆகிவிட்டான். அப்பாவுக்குத் துறைமுகத்தில் ஷிஃப்ட் வேலை. தம்பிக்கு எஸ்.பி.எம். தேர்வு. அம்மாவுக்கோ முட்டிவலி. ஒருநாள் மாலை, பூனையைக் கண்டு அவன் பாய்ந்த வேகத்தில் அம்மா தெருவில் விழுந்தார். மணிக்கட்டு எலும்பில் விரிசல். அன்று கட்டிய சங்கிலி பகல் முழுக்க அவிழவே இல்லை. கார் நிறுத்தும் முன்தளத்தில், ஆறடிச் சங்கிலியில், அவன் வட்டம் போட்டு நடந்த தடம் சிமெண்டுத் தரையில் பதிந்துவிட்டது. அவனைத் தேர்ந்தெடுத்தவன் நான், வளர்த்தவர் அம்மா. இந்த இரண்டும் வேறு வேறு ஆட்களாக இருந்ததுதான் எல்லாத் துன்பத்துக்கும் வேர்.

இன்று நண்பர்களும் இளையோரும் "ஷெப்பர்ட் வாங்கலாமா, ஹஸ்கி வாங்கலாமா?" என்று கேட்கிறார்கள். கிள்ளான் பள்ளத்தாக்கில் நம்மவர் ஆசைப்படும் பெரிய நாய்களில் இவை இரண்டும் முன்னணியில் இருப்பவை. இரண்டும் அழகானவை, அறிவுள்ளவை, ஓயாத துடிப்பு உடையவை. ஆனால் அந்தத் துடிப்பு ஒரே வகையானது அல்ல. அதைப் புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகிவிடும்.

எந்த வேலைக்காகப் பிறந்தவை?

ஓர் இனத்தின் குணத்தை அறிய, அந்த இனத்தை மனிதன் எந்த வேலைக்காக உருவாக்கினான் என்று பார்க்க வேண்டும்.

ஜெர்மன் ஷெப்பர்ட் ஓர் ஆட்டிடை நாய். ஜெர்மனியின் பல பகுதிகளில் ஆடு மேய்க்கப் பயன்பட்ட நாய்களிலிருந்து ஓர் இனத்தை நிலைநிறுத்த விரும்பியவர், மேக்ஸ் ஃபோன் ஸ்டெஃபானிட்ஸ் என்னும் முன்னாள் குதிரைப்படை அதிகாரி. 1899ஆம் ஆண்டில் அவர் வாங்கிய ஒரு நாயே இந்த இனத்தின் முதல் பதிவு நாய். இனத்திற்கான சங்கமும் அதே ஆண்டில் தொடங்கப்பட்டது. வேலியில்லாத வயல்களின் ஓரத்தில் ஆடுகள் பயிரில் வாய் வைக்காதபடி, மந்தையின் விளிம்பில் நாள் முழுக்க ஓடிக்கொண்டே இருப்பதுதான் அதன் வேலை. அதாவது அது ஓர் உயிருள்ள வேலி. அதனால்தான் எல்லை என்றால் அதற்கு அவ்வளவு அக்கறை. மனிதன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதும் அந்த வேலையின் ஒரு பகுதி.

நம் தாத்தா பாட்டிகள் இதை 'அல்சேஷன்' என்று சொல்லக் கேட்டிருப்போம். முதல் உலகப் போருக்குப் பிறகு 'ஜெர்மன்' என்ற சொல்லையே வெறுத்த பிரிட்டன் இந்த நாய்க்கு வைத்த மாற்றுப் பெயர் அது. பழைய பெயரைப் பயன்படுத்த 1977ஆம் ஆண்டில்தான் அங்குள்ள நாய் வளர்ப்போர் கழகம் மீண்டும் இடம் கொடுத்தது. இரண்டும் ஒரே நாய்தான்.

சைபீரியன் ஹஸ்கியின் கதை வேறு. சைபீரியாவின் வடகிழக்கு மூலையில் வாழும் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த நாய் இது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அலாஸ்காவுக்குக் கொண்டு செல்லப்பட்டது. 1925ஆம் ஆண்டில் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 வண்டியோட்டிகளும் ஏறக்குறைய 150 நாய்களும் கை மாற்றிக் கை மாற்றி, 1,000 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தூரத்தை ஐந்தரை நாளில் கடந்து மருந்தைக் கொண்டு சேர்த்தனர். அதில் மிக நீண்ட, மிக ஆபத்தான பகுதியைக் கடந்த டோகோ என்னும் ஹஸ்கியின் பெயரில் 2019இல் ஒரு திரைப்படமே வந்தது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. வண்டியிழுக்கும் நாயின் வேலை முன்னோக்கி ஓடுவது. எல்லையைக் காப்பது அதன் வேலையன்று. பனிப்புயலில் தடம் தெரியாதபோது வண்டியோட்டியின் கட்டளையையும் மீறித் தானே முடிவெடுக்கும் நாய்தான் உயிரைக் காத்தது. ஆகவே ஹஸ்கி நம் பேச்சைக் கேட்கும், தனக்குச் சரியென்று பட்டால்! அந்நியரைக் கண்டால் பெரும்பாலும் குரைக்காது, வாலாட்டி வரவேற்கும். திருடன் வந்தால் வழிகாட்டிக் கூட்டிப் போகும் என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அதில் பாதி உண்மை. காவலுக்கென்று ஹஸ்கி வாங்குவோர் ஏமாந்துதான் போவார்கள்.

காவல் நாய் என்றவுடன் நம் வரலாற்றில் ஒன்று நினைவுக்கு வருகிறது. தமிழகத்தில் திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. எருமைகளைக் காக்கும் சண்டையில் உயிர்விட்ட கருந்தேவக்கத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. அவன் அருகில் அவனது நாயும் செதுக்கப்பட்டுள்ளது. கோவிவன் என்பது அதன் பெயர் என்றும், இரண்டு கள்வர்களைக் கடித்துக் காவல் நின்றது என்றும் கல்வெட்டு சொல்கிறது. ஒரு நாயின் பெயரைக் கல்லில் பொறித்து வைத்த இனம் நாம். அந்த நாய் கருந்தேவக்கத்தியின் பக்கத்தில் நின்றது. சங்கிலியில் தனியாகக் கிடக்கவில்லை.

நம் வெயிலும் அவற்றின் உரோமமும்

கோலாலம்பூர் நிலநடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய மூன்று பாகை வடக்கே இருக்கிறது. ஆண்டு முழுவதும் பகலில் 32, 33 பாகை செல்சியஸ். இரவிலும் வெப்பம் பெரிதாகக் குறைவதில்லை. வெப்பத்தை விடப் பெரிய தொல்லை காற்றின் ஈரப்பதம்.

நமக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதங்களில் மட்டுமே சிறிது வியர்க்கும். நாக்கைத் தொங்கப் போட்டு மூச்சிரைத்து, வாயின் ஈரத்தை ஆவியாக்கித்தான் அது உடம்பைக் குளிர்விக்கிறது. காற்றிலேயே ஈரம் நிறைந்திருந்தால் அந்த ஈரம் ஆவியாகாது. எனவே இங்கே 32 பாகை வெயில், வறண்ட நாட்டின் 32 பாகையை விட நாய்க்குக் கடுமையானது.

இரண்டு நாய்களுக்கும் ஈரடுக்கு உரோமம் உண்டு. மேலே நீண்ட முரட்டு முடி. கீழே பஞ்சு போன்ற அடர்ந்த முடி. ஹஸ்கியின் அடிமுடி உறைபனிக் குளிருக்காக அமைந்தது. "மொட்டை அடித்துவிட்டால் குளிர்ச்சியாக இருக்குமே" என்று சிலர் நினைப்பதுண்டு. அது தவறு. மேல்முடி வெயில் தோலில் படாமல் தடுக்கிறது. மழித்தால் தோல் புண்ணாகும், முடி பழையபடி வளராமலும் போகலாம். அடிமுடியை நாள்தோறும் சீவி எடுப்பதே சரியான வழி. இரண்டு இனமும் மிகுதியாக முடி உதிர்க்கும். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் பூசையறைத் தரையில் ஒரு முடி கிடந்தாலும் முகம் சுளிப்பவர்களா? இதை முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஹஸ்கி இங்கே வாழவே முடியாது என்று நான் சொல்ல மாட்டேன். வீட்டுக்குள், விசிறியோ குளிர்சாதனமோ உள்ள அறையில், வெயிலுக்கு முன்னும் பின்னும் மட்டும் ஓடவிட்டு நன்றாக வளர்ப்போரும் இருக்கிறார்கள். ஆனால் பகல் முழுக்கக் குளிர்சாதனம் ஓடினால் மின்கட்டணம் யார் கட்டுவது? வெயிலில் கிடக்கும் முன்தளத்தில் ஹஸ்கியைக் கட்டி வைப்பது கொடுமையே. ஷெப்பர்ட் ஓரளவு தாங்கும் என்றாலும், நிழலும் காற்றும் எந்நேரமும் குளிர்ந்த நீரும் அதற்கும் வேண்டும்.

நடக்கக் கூட்டிச் செல்வதற்குமுன் புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். உங்களால் தாங்க முடியவில்லை என்றால் அதன் பாதமும் தாங்காது. காலை ஏழரைக்கு முன்னும் இரவு எட்டுக்குப் பின்னும்தான் நம் ஊரில் நாய்க்கு நல்ல நேரம். நாய்க்கு இயல்பான உடல்வெப்பம் 38 முதல் 39 பாகை வரை. அது 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. நிறுத்தாத மூச்சிரைப்பு, கெட்டியான எச்சில், தள்ளாட்டம், வாந்தி ஆகியவை அடையாளங்கள். உடனே நிழலுக்குக் கொண்டுபோய், குழாய்த் தண்ணீரை உடம்பெங்கும் ஊற்றி, விசிறிக் காற்றைப் படவிட்டு, கால்நடை மருத்துவரிடம் விரையுங்கள்.

வீடு, வேலி, அண்டை வீட்டார்

தோட்டப்புறத்தில் வாழ்ந்த காலத்தில் நாய்களுக்குச் சங்கிலி இல்லை. பால்மரக் காடு முழுக்க அவற்றின் வீடு. காலையில் பால் வெட்டப் போகும் ஆளின் பின்னாலேயே போய், அவரோடு திரும்பி வரும். தோட்டங்கள் துண்டாடப்பட்டு நாம் பட்டணத்து வரிசை வீடுகளுக்கும் அடுக்குமாடிகளுக்கும் வந்துவிட்டோம். நாய் வளர்க்கும் பழக்கமும் நம்மோடு வந்தது. காடு மட்டும் வரவில்லை.

இந்த இரண்டு இனத்துக்கும் நாளொன்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு மணி நேர நடையும் ஓட்டமும் வேண்டும். வேலையில்லாத ஷெப்பர்ட் தானே வேலை தேடிக்கொள்ளும்: வாசலில் போகும் ஒவ்வொரு மோட்டார் சைக்கிளையும் குரைத்து விரட்டும், தபால்காரரைப் பகைவராக்கும். வேலையில்லாத ஹஸ்கி மண்ணைத் தோண்டும், மதிலைத் தாண்டும், நாற்காலியைக் கடிக்கும். தனிமையில் ஓநாய்போல் ஊளையிடும். ஹஸ்கி வளர்ப்போர் வேலியின் உயரத்தை மட்டும் பார்த்தால் போதாது. அடியில் தோண்டி வெளியேற முடியுமா என்றும் பார்க்க வேண்டும். வெளியே போனால் அது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது, ஓடுவதற்கென்றே பிறந்தது. தீபாவளிக்கும் சீனப் புத்தாண்டுக்கும் பட்டாசு வெடிக்கும் இரவுகளில் எந்த நாயானாலும் வீட்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்துங்கள்.

அடுத்தது அண்டை வீடு. நம் தாமான்களில் ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் நாம், அந்தப் பக்கம் ஒரு மலாய்க் குடும்பம் என்பது இயல்பான காட்சி. நாயின் எச்சிலோ ஈரமோ பட்டால், மண் கலந்த நீரால் ஒருமுறையும் தூய நீரால் ஆறுமுறையும் கழுவ வேண்டும் என்பது அவர்கள் பின்பற்றும் சமய நெறி. இது வெறுப்பன்று, அவர்களுடைய தூய்மை முறை. நாம் செய்ய வேண்டியவை சில. பொது வேலியின் பக்கம் நாயைக் கட்டக்கூடாது. நடையின்போது கயிற்றைக் குறுக்கிப் பிடிக்க வேண்டும். கழிவைப் பையில் எடுக்க வேண்டும். குட்டி வாங்குவதற்கு முன்பே பக்கத்து வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். முன்பே சொன்னால் பெரும்பாலும் சிரித்துக்கொண்டே சரி என்பார்கள். நள்ளிரவு ஊளைக்குப் பிறகு போய்ப் பேசினால் எந்த இனத்தவரும் சிரிக்க மாட்டார்கள்.

பிரிக்பீல்ட்ஸ் போன்ற இடங்களில் இன்று பெரும்பாலோர் அடுக்குமாடியில் இருக்கிறார்கள். 2015ஆம் ஆண்டு அடுக்குமாடி நிர்வாக விதிமுறைகளின்படி, பிற குடியிருப்பாளருக்குத் தொல்லையோ ஆபத்தோ தரும் விலங்கை வீட்டில் வைத்திருக்கக்கூடாது. குரைப்பும் ஊளையும் தொல்லைதான். மின்தூக்கியில் 35 கிலோ நாயோடு ஏறினால் பக்கத்தில் நிற்பவர் அஞ்சுவதும் இயல்புதான். இந்த இரண்டு இனமும் அடுக்குமாடிக்கு உரியவை அல்ல என்பதே என் கருத்து. பொதுப் பூங்காக்கள் பலவற்றில் நாய்க்கு அனுமதியில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். வாசலில் உள்ள அறிவிப்புப் பலகையைப் படித்துவிட்டு உள்ளே போங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

நாய்க்கு ஆண்டுதோறும் உரிமம் எடுக்க வேண்டும். அந்தந்த வட்டார ஊராட்சி மன்றம்தான் அதைக் கொடுக்கும். கோலாலம்பூரில் மாநகராட்சி மன்றம், கிள்ளானில் அரச மாநகர் மன்றம். எந்த வகை வீட்டில் எத்தனை நாய் வைத்திருக்கலாம் என்பது மன்றத்துக்கு மன்றம் மாறுபடும். உரிமத் தகடு நாயின் கழுத்துப்பட்டையில் இருக்க வேண்டும். தகடில்லாமல் தெருவில் திரிந்தால் பிடித்துச் செல்ல மன்றத்திற்கு அதிகாரம் உண்டு.

ஜெர்மன் ஷெப்பர்ட், ரோட்வைலர், டோபர்மேன் முதலியவை கால்நடைச் சேவைத் துறையின் கட்டுப்படுத்தப்பட்ட இனங்களின் பட்டியலில் இருக்கின்றன. பிட்புல் போன்றவற்றை நாட்டுக்குள் கொண்டு வரவே தடை. ஆகவே ஷெப்பர்ட் வாங்க நினைப்போர், தங்கள் மன்றம் தனி நிபந்தனை ஏதும் விதிக்கிறதா என்று பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுவது நல்லது.

2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம் 2017 ஜூலையில் நடைமுறைக்கு வந்தது. தகுந்த இடம், தகுந்த உணவு, இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு, வலியிலிருந்தும் நோயிலிருந்தும் பாதுகாப்பு ஆகியவற்றைத் தருவது உரிமையாளரின் கடமை என்று அது சொல்கிறது. கொடுமை செய்தது நிரூபிக்கப்பட்டால் 20,000 முதல் 100,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். 'இயல்பாக நடந்துகொள்ளும் வாய்ப்பு' என்ற சொற்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எங்கள் முன்தளத்துச் சிமெண்டுத் தரைதான் நினைவுக்கு வரும்.

சோறும் மருந்தும்

ஆண் ஷெப்பர்ட் 30 முதல் 40 கிலோ வரை இருக்கும். ஆண் ஹஸ்கி 20 முதல் 28 கிலோ. பெண் நாய்கள் சற்றே சிறியவை. பெரிய ஷெப்பர்டுக்கு உலர் உணவு மாதம் ஏறத்தாழ 15 கிலோ மூட்டை ஒன்று ஆகும். ஹஸ்கி தன் உழைப்புக்குக் குறைவாகவே தின்னும். அதன் முன்னோர் குறைந்த தீனியில் நெடுந்தூரம் ஓடிப் பழகியவை. ஆனால் அங்கே மிச்சமாகும் பணம் மின்கட்டணத்தில் போய்விடும்.

மிஞ்சிய கோழிக்கறிச் சோற்றைப் போடுவது நம் வீடுகளில் வழக்கம். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. வேகவைத்த கோழி எலும்பு கூராக உடைந்து குடலைக் கிழிக்கும். திராட்சையும் சாக்லேட்டும் நஞ்சு. சோறு போடுவதாக இருந்தால் மசாலா இல்லாமல் தனியாக வேகவைத்த இறைச்சியோடு போடுங்கள்.

குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தடுப்பூசி தொடங்க வேண்டும். எலியின் சிறுநீரால் பரவும் நோய்க்கும் தடுப்பூசி உண்டு. வெள்ளம் ஏறும் கிள்ளான் பகுதியில் அது மிகவும் தேவை. நம் நாட்டில் உண்ணிக் காய்ச்சலும் கொசுவால் வரும் இதயப்புழுவும் நாய்களைக் கொல்பவை. மாதந்தோறும் தடுப்பு மருந்து கொடுத்தாக வேண்டும். வெறிநாய்க்கடி நோய் 2015இல் தீபகற்பத்தின் வடக்கிலும் 2017இல் சரவாக்கிலும் தலைகாட்டியது; அதற்கான ஊசியைப் பற்றியும் மருத்துவரிடம் கேளுங்கள்.

ஷெப்பர்டுக்கு இடுப்பு மூட்டு சரியாகப் பொருந்தாமல் வளரும் குறை பரம்பரையாக வருவதுண்டு. குட்டியின் தாய் தந்தைக்கு இடுப்பு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்களா என்று கேளுங்கள். ஹஸ்கிக்குக் கண்புரை போன்ற பரம்பரைக் கண்நோய்கள் வருவதுண்டு. எந்த இனமானாலும் தாய் நாயைக் காட்டாத இடத்தில் குட்டி வாங்காதீர்கள். எட்டு வாரத்துக்குள் தாயைப் பிரித்த குட்டியையும் வாங்காதீர்கள்.

தமிழிலேயே கட்டளை

மொழிக் கழகத்து ஆண்டிதழில் இதைச் சொல்லாமல் விட முடியாது. நம் வீடுகளில் நாயிடம் மட்டும் ஆங்கிலம் பேசுகிறோம்! அம்மாவோடு தமிழ், கடைக்காரரோடு மலாய், நாயோடு 'சிட், ஸ்டே, கம்.' நாய்க்கு ஆங்கிலமும் தெரியாது, தமிழும் தெரியாது. ஒரே ஒலி, ஒரே தொனி, ஒரே செயல், உடனே ஒரு பரிசு என்று திரும்பத் திரும்பச் செய்தால் எந்த மொழியானாலும் பழகிவிடும்.

இதில் உண்மையான பயனும் இருக்கிறது. பகலில் நாயோடு இருப்பவர் அம்மாவோ பாட்டியோதான். அவர்கள் வாயில் இயல்பாக வரும் சொல்லே கட்டளையாக இருந்தால்தான் நாய் அவர்களுக்கும் கட்டுப்படும். 'உக்காரு', 'நில்லு', 'வா', 'விடு', 'படு' என்னும் ஐந்து சொற்கள் போதும். வீட்டில் ஒருவர் 'நில்லு' என்றும், ஒருவர் 'இரு' என்றும், ஒருவர் 'ஸ்டே' என்றும் சொன்னால் நாய் குழம்பும். எந்தச் சொல் என்று முடிவு செய்து, எழுதிக் குளிர்ப்பெட்டியின் கதவில் ஒட்டிவிடுங்கள்.

ஷெப்பர்ட் இவற்றைச் சில வாரங்களில் கற்றுக்கொள்ளும். ஹஸ்கியும் கற்றுக்கொள்ளும், ஆனால் 'வா' என்றால் வருமா என்பது அன்றைய அதன் மனநிலையைப் பொறுத்தது. அதனால் திறந்த வெளியில் அதைக் கயிறில்லாமல் விடக்கூடாது. இரண்டுக்கும் முதல் நான்கு மாதம் மிக முக்கியம். அந்த வயதில் குழந்தைகள், முதியவர்கள், மோட்டார் சைக்கிள் ஓசை, தலைக்கவசம் அணிந்தவர்கள் என எல்லாவற்றையும் அச்சமின்றிப் பார்த்துப் பழகிய குட்டி, வளர்ந்தபின் எதைக் கண்டாலும் பதறாது.

முடிவு செய்யுமுன் நான்கு கேள்விகள்

ஒன்று: நாள்தோறும் காலையும் இரவும் நாயைக் கூட்டிக்கொண்டு நடக்கப் போவது யார்? 'எல்லோரும் பார்த்துக்கொள்வோம்' என்பது விடையாகாது. ஓர் ஆளின் பெயர் வேண்டும்.

இரண்டு: அந்த நாய் திடீரென இழுத்தால் அந்த ஆளால் பிடித்து நிறுத்த முடியுமா?

மூன்று: அடுத்த பன்னிரண்டு ஆண்டுகள் அந்த ஆள் அந்த வீட்டில் இருப்பாரா? ஷெப்பர்ட் பத்துப் பன்னிரண்டு ஆண்டு வாழும். ஹஸ்கி பதினான்கு வரைகூட வாழும். பட்டப்படிப்போ மூன்று நான்கு ஆண்டுதான். இருபது வயதில் நீங்கள் வாங்கும் குட்டி, உங்கள் பட்டமளிப்பு, முதல் வேலை, சிங்கப்பூர்ப் பயணம், திருமணம் எல்லாவற்றையும் தாண்டி வாழும்.

நான்கு: நாய் எதற்காக? காவலுக்கா, துணைக்கா, படம் எடுத்து மற்றவருக்குக் காட்டவா?

முதல் மூன்று கேள்விக்கும் தெளிவான விடை இருந்து, வேலி போட்ட தரை வீடும், எச்சரிக்கைக் குரலும் உங்களுக்கு வேண்டும் என்றால், இரண்டில் ஷெப்பர்டே நம் ஊருக்கு ஏற்றது. பயிற்சிக்கு நேரம் ஒதுக்காதவர் அதையும் தொடக்கூடாது. விடியலில் நெட்டோட்டம் ஓடும் பழக்கமும், பகலில் வீட்டுக்குள் குளிர்ந்த அறையும், உயர்ந்த வேலியும், ஊளையைப் பொறுக்கும் அண்டை வீட்டாரும், காவல் தேவையில்லாத நிலையும் ஒருசேர வாய்த்தவர் ஹஸ்கியை எண்ணிப் பார்க்கலாம். அப்படிப்பட்ட வீடுகள் கிள்ளான் பள்ளத்தாக்கில் மிகச் சிலவே.

முதல் கேள்விக்கே விடை இல்லையா? மூன்றாவது வழி ஒன்று உண்டு. நம் ஊர் நாய்! அம்பாங்கில் உள்ள விலங்குவதைத் தடுப்புச் சங்கம் போன்ற காப்பகங்களில் வளர்ந்த நாய்கள் நமக்காகக் காத்திருக்கின்றன. அவற்றின் குணமும் எடையும் முன்பே தெரியும். குட்டை உரோமம் நம் வெயிலுக்குப் பழகியது. பதினைந்து கிலோ நாயை அம்மாவாலும் பிடிக்க முடியும். நான்கைந்து வயதான அமைதியான நாய்க்குக் காலையும் மாலையும் அரை மணி நடை போதும். குரைத்து எச்சரிக்க அதற்கும் தெரியும். தோட்டத்தில் நம் முன்னோரின் பின்னால் நடந்ததும் இந்த நாய்தானே?

வீராவின் கதையை முடிக்கவில்லை. படிப்பு முடிந்து நான் கிள்ளானுக்கே வேலைக்குத் திரும்பினேன். முதல் வேலையாகச் சங்கிலியை அவிழ்த்தேன். வாசல் கதவு திறந்தும் அவன் ஆறடிக்கு மேல் வரவில்லை. சங்கிலி இருப்பதாகவே எண்ணி வட்டத்தின் விளிம்பில் நின்றான். அந்த வட்டத்தைத் தாண்ட அவனுக்கு நான்கு நாள் ஆயிற்று. பிறகு ஏழு ஆண்டு, காலை ஆறரைக்கு, நாங்கள் இருவரும் நடந்தோம். பதினொன்றாம் வயதில் இறந்தான். சில மாதம் கழித்து இன்னொரு குட்டி வாங்கலாமா என்று கேட்டபோது அம்மா சொன்னார்: "அடுத்த தடவ குட்டிய பாக்கப் போறதுக்கு முன்னாடி, முதல்ல என் முட்டிய பாருடா."

இந்த ஆண்டிதழைப் படிக்கும் தம்பி தங்கையரே, பருவ விடுமுறையில் குட்டி வாங்கும் எண்ணம் இருந்தால் அதற்குமுன் ஒரே ஒரு வாரம் ஒத்திகை பாருங்கள். காலை ஆறரைக்கு எழுந்து வெறுங்கயிற்றைக் கையில் பிடித்துக்கொண்டு முக்கால் மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். இரவிலும் அப்படியே. நீங்கள் விடுதிக்குத் திரும்பிய மறுவாரம், அந்தக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நடக்க வீட்டில் யார் முன்வருகிறார் என்று கேளுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு போய் நாயைத் தேர்ந்தெடுங்கள். யாரும் முன்வராவிட்டால் காத்திருங்கள். நாய்க்கு நாம் காட்டக்கூடிய முதல் நன்றி அதுதான்.